மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கிடைத்த ஆள்

எனக்குப் புது மனிதர்களிடம் பேச வராது. கடைக்காரர் மீதிச் சில்லறை தர மறந்தால் கேட்காமலே திரும்பி வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் ஆள் சேர்க்கும் வேலையில் இறங்கியதற்குக் காரணம், சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்ததுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. என் கணவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். மில்லை மூடப்போகிறார்கள் என்று ஆறேழு மாதமாகப் பேச்சு. முதலில் கேன்டீனை நிறுத்தினார்கள். பிறகு ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள். மில் சங்கு ஊதுகிற நேரத்துக்கு ஊதாவிட்டால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிடுவேன். வாசலுக்கு வந்து பார்ப்பேன். லைன் வீட்டுப் பெண்கள் எல்லோருமே வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

இரண்டு தெரு தள்ளி மாடி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். ஒரு நாள் காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்து, "ஒருக்கா ஊட்டுக்கு வா கண்ணு. சும்மா டீ குடிக்க" என்றார். அதுவரை என்னிடம் அவர் பேசியதே இல்லை. டீயைக் குடித்து முடிப்பதற்குள் என் கணவரின் மில்லைப் பற்றி நானே எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். அதன் பிறகுதான் வெள்ளைக் காகிதத்தை எடுத்து வட்டம் போட ஆரம்பித்தார். மேலே ஒரு வட்டம், அது நான். கீழே நான் சேர்க்கும் ஆட்கள். அவர்களுக்குக் கீழே அவர்கள் சேர்க்கும் ஆட்கள். கம்பெனி பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் பற்பசையும் விற்றது. ஆனால் விற்பது முக்கியமில்லை, ஆள் சேர்ப்பதுதான் முக்கியம் என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தி ஹாலில் எங்களுக்குப் பயிற்சி நடக்கும். அக்கா மேடையேறிப் பேசுவதைக் கேட்டால் எனக்கே கைதட்டத் தோன்றும்.

"கம்பெனி பேரை எடுத்த எடுப்புல சொல்லிப்போடாதீங்க. சோப்புன்னு வாயே தொறக்காதீங்க. ஒரு விசயம் பேசோணும்னு மட்டும் சொல்லுங்க. புருசனும் பொஞ்சாதியும் ஒண்ணா இருக்கறப்பதான் பிளான் காட்டோணும். கேள்வி கேட்டா சந்தோசப்படுங்க. கேள்வி கேக்கற ஆளு எந்திரிச்சுப் போகமாட்டான். ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஒரு பயம் இருக்கும். அதைக் கண்டுபுடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது."

என்னிடம் அவர் செய்ததும் அதுதான் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. ஆனாலும் கோபம் வரவில்லை. மில் சங்கு மனதில் ஊதிக்கொண்டே இருந்தது.

சொந்தக்காரர்களிடம் முதலில் போனேன். சோமனூரில் தறி போட்டிருக்கும் என் அக்காள் புருஷன் தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று கையை ஆட்டினார். தறியை நிறுத்திய பிறகும் கையை ஆட்டினார். அத்தை வீட்டில் வாசலில் செருப்பு கிடக்க, உள்ளேயிருந்து யாரும் இல்லை என்று பதில் வந்தது. யாரும் சேரவில்லை. மாடி வீட்டு அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "சொந்தத்தை உட்டுப்போடு கண்ணு. இனிமே கை நீட்டுனா தொடற தூரத்துல யாரு வந்தாலும் பேசு. பஸ்ஸுல பக்கத்து சீட்டு, கோயில் வரிசை, எங்கயானாலும்" என்றார்.

அன்றிலிருந்து பஸ் ஏறுவதே எனக்குப் பரீட்சைக்குப் போவது மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஏறுவேன்.

ஒரு நாள் மேட்டுப்பாளையத்தில் என்னோடு படித்த ஒருத்தியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். காந்திபுரத்தில் ஏறும்போது பக்கத்து சீட் காலி. துடியலூரில் ஒரு பெண் ஏறினாள். என்னைவிட நாலைந்து வயது சிறியவள். கையில் ஒரு துணிப்பை. ஏற்றிவிட வந்த பெரியவர், அவள் அப்பாவாக இருக்க வேண்டும், ஜன்னலோரம் வந்து, "அனுசரிச்சுப் போ சாமி" என்றார். அவள் தலையாட்டவில்லை. பஸ் நகர்ந்த பிறகும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் தூங்கிவிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். தூங்கவில்லை. பெரியநாயக்கன்பாளையம் தாண்டியது. பையிலிருந்த சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலையும் காகிதத்தையும் இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏனுங்க, மேட்டுப்பாளையமுங்களா?"

"ஆமாங்க."

"அய்யன் ஊட்டுக்கு வந்துட்டுப் போறீங்களாட்ட இருக்குது."

"ஆமாங்க."

"ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க?"

"உருளைக்கெழங்கு மண்டிங்க."

அதற்கு மேல் எப்படிப் போவது என்று தெரியவில்லை. பயிற்சியில் சொன்னதை மனப்பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒரே மூச்சில் சொன்னேன். "உங்ககிட்டயும் உங்க ஊட்டுக்காரர்கிட்டயும் ஒரு விசயம் பேசோணுமுங்க. ஒரு நாளைக்கு டீ குடிக்க வரட்டுங்களா?"

அவள் முதல்முறையாக என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். என் முகத்தை, தாலியை, மடியிலிருந்த பையைப் பார்த்தாள்.

"இன்னைக்கே வாரீங்களாக்கா? இப்பவே?"

அத்தனை நாளில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சந்தோஷத்தைவிடத் திகைப்புதான் அதிகமாக இருந்தது. "உங்க ஊட்டுக்காரரும் இருக்கோணுமே" என்றேன்.

"இருப்பாருங்க. அவரு இருக்கறப்பதான் நீங்க வரோணும்."

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவள் ஒரு எஸ்டிடி பூத்துக்குள் போனாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசியது தெரிந்தது. நான் வருவதைக் கணவருக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் வேகமாக நடந்தாள். மார்க்கெட்டுக்குப் பின்னால், மூட்டைகள் அடுக்கிய சந்து வழியாகக் கூட்டிப்போனாள். அழுகிய கிழங்கு வாசம் அடித்தது. சந்து திரும்பத் திரும்ப அவள் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. வீடு தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அப்போதுதான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் அதற்குள் கதவு திறந்துவிட்டது.

அவள் கணவருக்கு முப்பது வயது இருக்கலாம். வெள்ளை வேட்டி, நன்றாகச் சீவிய தலை. மனைவியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிய விதத்தை நான் பார்த்துவிட்டேன். அடுத்த கணமே என்னைப் பார்த்து முகத்தை மாற்றிக்கொண்டதையும் பார்த்தேன்.

"இவங்க கோயமுத்தூருங்க. உங்ககிட்ட ஏதோ பிசினஸ் விசயம் பேசோணுமாம்" என்றாள் அவள்.

"வாங்க வாங்க அம்மணி, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். பிறகு அவளிடம், மிக மெல்லிய குரலில், "உள்ள போ. உன்கிட்ட அப்பறம் பேசறேன்" என்றார்.

நான் உட்கார்ந்ததும் எழுந்து போய் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "நாய் வந்துருதுங்க" என்றார். சந்தில் நான் நாய் எதையும் பார்க்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. அம்மா வந்திருக்கிறாள் என்று தெரிந்தும் அது அவளிடம் ஓடவில்லை. அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பெண் குழந்தை. அம்மா இல்லாமல் அந்த வீட்டில் எத்தனை நாள் இருந்ததோ.

நான் காகிதத்தை எடுத்து முதல் வட்டத்தைப் போட்டேன். வட்டம் கோணலாக வந்தது. அந்த நேரம் வாசலில் மண்டி ஆள் ஒருவர் கூப்பிட, அவர் தாழ்ப்பாளை நீக்கி வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் மூட்டைக் கணக்குப் பேசும் சத்தம் கேட்டது. உடனே அவள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். சொம்பை நீட்டியபோது முந்தானையை முழங்கைக்கு மேலே தள்ளினாள். உள்பக்கம் வரிசையாகச் சூடு போட்ட புண். சிலது ஆறியது, சிலது ஆறாதது.

"போயிராதீங்கக்கா. எங்கண்ணன் கணபதில பட்டறைல இருக்குது. ஃபோன் பண்ணிப்போட்டேன், வந்துட்டிருக்குது. அதுவரைக்கும் போயிராதீங்க. பாப்பாவைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டாள்.

எழுந்து ஓடிவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் மறுபடியும் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். கணபதியிலிருந்து மேட்டுப்பாளையம் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். கவுண்டம்பாளையம் தாண்ட வேண்டும், காரமடையில் ரயில்வே கேட் வேறு.

"சொல்லுங்கம்மணி, என்ன விசயம்?" என்றார்.

பேச ஆரம்பித்தேன். அதுவரை யாரிடமும் பாதிக்கு மேல் பேசி முடித்திராத அந்தப் பேச்சை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தேன். மண்டி எத்தனை வருசமாக நடக்கிறது, ஊட்டியிலிருந்து லோடு எப்போது வரும், மழைக்காலத்தில் ரோடு சரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். வட்டங்கள் போட்டேன். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று கிழித்து மறுபடி போட்டேன். அவர் கேள்வி கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்தினேன்.

"இது சீட்டுக் கம்பெனி மாதிரிங்களா?"

"இல்லீங்க, அதை நீங்க கேட்டது நல்லதாப் போச்சு" என்று அதற்கு ஒரு நீளமான விளக்கம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

ஒரு தட்டில் எண்ணெய் கேட்டேன். அவள் கொண்டுவந்து வைத்தாள். எண்ணெய் மேல் எங்கள் சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டால் எண்ணெய் நாலாபக்கமும் விலகி ஓடும். பாட்டிலைப் பிடித்த என் கை ஆடியதில் ஒரு சொட்டுக்குப் பதிலாக வழிந்து தட்டு முழுக்க நுரை ஆகிவிட்டது.

அவர் தட்டைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி கை இப்படி நடுங்குது?"

"புதுசுங்க. பழக்கமில்லீங்க."

"என்ற சம்சாரத்தை உங்களுக்கு எத்தன நாளாப் பழக்கம்?"

"பஸ்ஸுலதானுங்க பார்த்தேன்."

"அப்படீங்களா" என்று சிரித்தார். நம்பவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தார். உள்ளறையில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குச் சொல்வதற்கு எதுவுமே மிச்சமில்லாமல் போனபோது சந்துக்குள் டெம்போ ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

கதவைத் தட்டியது அவள் அண்ணன். பட்டறைக் கிரீஸ் படிந்த சட்டையோடு அப்படியே வந்திருந்தார். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றார்.

"அய்யனுக்கு நெஞ்சு வலிங்க மாப்ள. ஆஸ்பத்திரில சேத்திருக்குது. தங்கச்சியவும் பாப்பாவையும் ஒருக்காக் காட்டிப்போட்டுக் கொண்டாந்து உடறேன்."

"காலைலதான பஸ் ஏத்தி உட்டேன்னு உங்கய்யன் ஃபோன் பண்ணுனாரு?"

"அதுக்கப்பறந்தாங்க."

மண்டிக்காரரின் கை இன்னும் கதவின் தாழ்ப்பாளில்தான் இருந்தது. மூன்றாம் மனுஷி ஒருத்தி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஒன்றுதான் அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றியது. நான் எழுந்தேன். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுக் குழந்தையைத் தூக்கினேன். அது அழாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"நானும் கெளம்பறனுங்க. அந்தப் பக்கந்தான் போகோணும், டெம்போலயே போயிக்கறேன். அம்மணி, வாங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது.

அவர் விலகி வழிவிட்டார். "பத்தரமாப் போயிட்டு வாங்க" என்றார். வீட்டுக்கு வந்த எவருக்கும் சொல்வது போல, அதே மரியாதையோடு.

டெம்போ காரமடை தாண்டும்வரை அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவள் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, உங்க பாட்டிலையும் காகிதத்தையும் அங்கயே உட்டுட்டு வந்துட்டீங்க" என்றாள். அந்தக் காகிதத்தின் அடியில் மாடி வீட்டு அக்காவின் ஃபோன் நம்பர் இருந்தது. காந்திபுரத்தில் என்னை இறக்கிவிடும்போது அண்ணன் என் வீடு எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டார்.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. கணவருக்கு இருக்கும் கவலை போதும் என்று இருந்துவிட்டேன். ஒரு மாதம் போல ஓடியது. ஒரு நாள் மாடி வீட்டு அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மேட்டுப்பாளையத்து மண்டிக்காரரு ஃபோன் பண்ணுனாரு கண்ணு! நீ காட்டுன பிளான் அவருக்கு அப்படிப் புடிச்சுப்போச்சாம். நானே நேர்ல போய்ச் சேத்துட்டு வந்துட்டேன். உனக்குக் கீழதான்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். சூடு போட்ட கையைச் சொன்னேன். அதற்கு அக்கா, "குடும்பம்னா நாலும் இருக்கும் கண்ணு. நமக்கெதுக்கு அது? மண்டில எத்தன ஆளு பழக்கம் தெரியுமா அவருக்கு?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டிக்காரர் மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேட்டிக்குப் பதில் பேன்ட், கழுத்தில் டை. இடைவேளையில் டீ டம்ளரோடு நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதானுங்க எனக்கு ஸ்பான்சர்" என்று கும்பிட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என்ற சம்சாரம் அவிய அய்யன் ஊட்லயும் இல்லீங்க, அண்ணன் ஊட்லயும் இல்லீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காதுங்க" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

"பரவால்லீங்க. அவசரமில்லீங்க. நான் ஒரு நாளைக்கு உங்க ஊட்டுக்கு வாரனுங்க. டீ குடிக்க."

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டம் முடியும்வரை நான் இருக்கவில்லை.

அவர் வந்தது ஒரு முற்பகலில். கணவர் மில்லில் இருந்தார். ஜன்னல் வழியாக எதிர்ப் பெட்டிக்கடையில் சோடா குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பிறகு தெருவைத் தாண்டி வந்து கதவைத் தட்டினார். நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன்.

"அம்மணி, உள்ள இருக்கறீங்கன்னு தெரியுமுங்க. பயப்படாதீங்க."

லைன் வீட்டுச் சொந்தக்காரம்மா வெளியே வந்து அவரை யாரென்று கேட்டார். "பிசினஸ் பார்ட்னருங்க" என்று அவர் பதில் சொன்னது கேட்டது. நெடுநேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு பை. உள்ளே மண் போகக் கழுவிய உருளைக்கிழங்கு. என் வீடு எப்படித் தெரிந்தது என்று மாடி வீட்டு அக்காவிடம் கேட்டேன். "கீழ இருக்கற ஆளு அட்ரஸ் கேட்டாக் குடுக்காம இருக்க முடியுமா?" என்றார். அவருக்கு அதில் தவறே தெரியவில்லை.

அன்றைக்கு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். "உடுமலைப்பேட்டைல கயிறு மில்லுல கூப்புட்டுட்டே இருக்காங்க. சம்பளம் கம்மின்னுதான் யோசிச்சுட்டிருந்தேன். நாளைக்குப் போய்ச் சரின்னு சொல்லிப்போட்டு வந்தர்றேன்" என்றார். மூடிவிடுவார்களோ என்று மாதக்கணக்கில் பயந்த மில்லை அவரே விட்டுவிட்டார். நானும் கம்பெனியை விட்டேன். மாடி வீட்டு அக்காவிடம் எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை.

சாமான் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் பெண்ணின் அண்ணன் வந்தார். கதவு தட்டப்பட்டதும் யாரென்று கேட்டேன். குரல் கேட்ட பிறகுதான் திறந்தேன். பாத்திரமெல்லாம் மூட்டையில் இருந்ததால் பக்கத்து வீட்டில் டம்ளர் வாங்கி அவருக்குக் காப்பி கொடுத்தேன்.

"தங்கச்சி நல்லா இருக்குதுங்க. ஒரு பனியன் கம்பெனில வேலைக்குப் போகுது. பாப்பாவும் கூடத்தான் இருக்குது. உங்களை ஒருக்காப் பார்க்கோணும்னு சொல்லிட்டே இருக்குதுங்க. எந்த ஊருன்னா..."

"வேண்டாமுங்க" என்று குறுக்கிட்டேன். "ஊரைச் சொல்லாதீங்க. யாராச்சும் வந்து கேட்டா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

அவர் தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தார். போகும்போது மூட்டைகளில் பெரியதாக இரண்டை வாசல்வரை தூக்கி வைத்துவிட்டுப் போனார். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.